காரைக்குடியில் ஒரு பர்மா வகுப்பு

தெரியாத மொழியைச் சொல்லிக் கொடுப்பது சுலபம். தெரிந்திருக்க வேண்டிய மொழியைச் சொல்லிக் கொடுப்பதுதான் பெரும்பாடு, ஏனென்றால் மாணவர் பாதி வெட்கத்தோடும் பாதி கோபத்தோடும் வந்து உட்காருவார். வளர்ந்தவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்து மாட்டிக்கொண்டவர் யாராவது இதைப் படித்தால், மேலே ஒன்றும் சொல்லாமலே என் கஷ்டம் புரிந்துவிடும். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன்.

அறுபதுகளின் நடுவில், பர்மாவில் கடைகளையும் ஆலைகளையும் அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு, நம்மவர்கள் கப்பல் கப்பலாகத் திரும்பி வந்தார்கள். எங்கள் காரைக்குடிப் பக்கத்திலிருந்து வட்டிக்கடை வைக்கப் போனவர்கள், அந்தக் கடைகளில் எழுதப் போனவர்கள், சமைக்கப் போனவர்கள், எல்லோரும் குடும்பத்தோடு வந்து இறங்கினார்கள். அங்கேயே பிறந்து வளர்ந்த பலருக்குத் தமிழ் வாயில் இருந்தது, கையில் இல்லை. சிலருக்கு வாயிலும் இல்லை. நான் அப்போது ஒரு ஆரம்பப் பள்ளியில் டீச்சர். மெய்யம்மை ஆச்சி என்கிறவர் தம்முடைய பெரிய வீட்டின் முன் ஹாலை மாலை ஐந்திலிருந்து ஆறரை வரைக்கும் வகுப்புக்குத் திறந்துவிட்டார். பிள்ளைகள் எல்லாம் மலேயாவில், வீடு சும்மாதானே கிடக்கிறது என்றார். தலைமையாசிரியை என்னைப் பிடித்து உள்ளே தள்ளிவிட்டார். எட்டு வருஷம் கழித்துத்தான் வெளியே வந்தேன்.

அணில்

முதல் நாள் பதினோரு பேர் வந்தார்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில், ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். எல்லோரும் என்னைவிட மூத்தவர்கள். பர்மாவில் ஆசிரியைக்கு ‘சயாமா’ என்று பெயராம். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே எனக்கு அந்தப் பெயர் விழுந்துவிட்டது. எனக்குத் தெரிந்தது ஒன்றாம் வகுப்புப் பாடம்தான். பலகையில் பெரிதாக ‘அ’ எழுதி, பக்கத்தில் ஒரு அணில் படம் போட்டேன். “எல்லாரும் சொல்லுங்க, அ, அணில்.”

பத்துப் பேர் சொன்னார்கள். சுப்பையா அண்ணன் மட்டும் சொல்லவில்லை. அவர் அங்கே ஒரு அரிசி ஆலையில் முந்நூறு கூலிகளை மேய்த்தவர். தமிழ், பர்மியம், இந்துஸ்தானி மூன்றிலும் சண்டை போடத் தெரிந்தவர். ஐம்பத்தைந்து வயதில், நரைத்த மீசையோடு, அணில் முன்னால் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துக் கையைக் கூப்பினார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “அணிலு எனக்கு வேண்டாம் சயாமா. ரேஷன் கார்டுதான் வேணும். அதுல எந்த எழுத்து வருதோ அங்கேருந்து ஆரம்பிங்க.”

மனு

அவர் சொன்னது நியாயமாகப் பட்டது. மறுநாளே அணிலை அழித்துவிட்டு மனு எழுதும் பாடத்துக்கு வந்தேன். ‘மேதகு ஐயா அவர்கள் சமூகத்திற்கு, கீழே கையொப்பமிட்டுள்ள அடியேன் மிகவும் பணிவுடன் விண்ணப்பித்துக்கொள்வது யாதெனில்’ என்று பலகை முழுக்க எழுதி, எல்லோரையும் பார்த்து எழுதச் சொன்னேன். இதை இரண்டு மாதம் எழுதினோம். ‘யாதெனில்’ வரைக்கும் எல்லோருக்கும் மனப்பாடம். அதற்குப் பிறகு என்ன எழுதுவது என்பதில்தான் ஒருவருக்கும் தெளிவில்லை.

சுப்பையா அண்ணன் பொறுத்துப் பார்த்துவிட்டு, என்னிடம் காட்டாமலே ஒரு மனு எழுதித் தாலுகா ஆபீசில் கொடுத்துவிட்டார். விஷயம் தெரிந்து பதறிப்போய் நான் ஓடினேன். குமாஸ்தா காகிதத்தை எடுத்துக் காட்டினார். கட்டை கட்டையான எழுத்தில் இவ்வளவுதான் இருந்தது: ‘ஐயா. நான் வந்துட்டேன். கப்பல்ல ஏறும்போது என் பேரு இருந்துச்சு. இங்க லிஸ்ட்டுல இல்ல. பாத்துப் போடுங்க. சுப்பையா.’ வகுப்பின் மானம் போயிற்று என்று நான் நின்றேன். குமாஸ்தா அதை மடித்து மேலே வைத்துவிட்டுச் சொன்னார்: “இத்தனை வருஷ சர்வீசுல நான் கடைசி வரைக்கும் படிச்ச மொத மனு இதுதான் டீச்சர்.”

ரா

மாச்சோ என்கிற பெண் இரண்டாம் மாதம் வந்து சேர்ந்தாள். பர்மாக்காரி. ராமையா என்று எங்கள் பக்கத்து ஆள் ஒருவர், ரங்கூனில் கணக்கெழுதப் போன இடத்தில் அவளைக் கட்டிக்கொண்டார். அவளையும் ஆறு வயது மகள் செல்வியையும் முதல் கப்பலில் தன் தாயார் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அவருடைய காகிதங்கள் சரியாகவில்லை. பின்னால் வருவதாகச் சொல்லி அங்கேயே தங்கிவிட்டார். ஆக, மாமியாருக்கு பர்மியம் தெரியாது, மருமகளுக்குத் தமிழ் தெரியாது, இரண்டு பேருக்கும் நடுவில் பேசவேண்டியவர் கடலுக்கு அந்தப் பக்கம்.

பர்மாக்காரர்களுக்கு ‘ர’ வராது, ‘ய’ என்றுதான் வரும். மாச்சோவுக்கு மரம் மயம், ரசம் யசம். நாக்கை மேலே தொடவைத்து ஒரு மாதம் பழக்கினேன். அவள் நல்ல மாணவி. பார்ப்பவர்களிடம் எல்லாம் புருஷன் பெயரைச் சொல்லியே பழகினாள். எங்கள் பக்கத்தில் பெண்டாட்டி புருஷன் பெயரை வாயால் சொல்ல மாட்டாள் என்பது எனக்கு அப்போது நினைவுக்கே வரவில்லை. ஒருநாள் அவள் மாமியார் பொன்னாத்தா வகுப்பு வாசலுக்கே வந்துவிட்டார். நான் அவரை அயித்தை என்றுதான் கூப்பிடுவேன். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து, “அயித்தே, அவளுக்கு இன்னும் ரா சரியா வரலை, கொஞ்சம் பொறுங்க” என்றேன். பொன்னாத்தா அயித்தை சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்: “வராமலே இருக்கட்டும் டீச்சர். அவ யாமையா யாமையான்னு சொல்றது என் மகன் பேருன்னு இன்னும் தெருவுல யாருக்கும் தெரியலை.”

போயிட்டு வாரேன்

பேச்சுத் தமிழில் பாடம் எடுக்கும்போது நான் கண்டிப்பாக இருந்த விஷயம் ஒன்று. விடைபெறும்போது ‘போறேன்’ என்று சொல்லக்கூடாது, ‘போயிட்டு வாரேன்’ என்றுதான் சொல்லவேண்டும். யார் வீடானாலும், எந்த நேரமானாலும். இதைப் பத்துத் தடவை சொல்லி எழுதவும் வைத்தேன். எந்த நேரமானாலும் என்று சொன்னேனே, அங்கேதான் தவறு.

வகுப்பில் இருந்த ஒருவரின் அண்ணன் இறந்துபோனார். துக்கம் கேட்க எல்லோருமாகப் போனோம். சாவு வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வந்துவிட வேண்டும் என்பது நமக்குப் பிறந்ததிலிருந்தே தெரியும். அதனாலேயே யாருக்கும் சொல்லத் தோன்றுவதில்லை. சுப்பையா அண்ணன் எழுந்தார், துண்டை உதறித் தோளில் போட்டார், வாசலில் நின்று, மூன்று கட்டு வீடும் கேட்கிற மாதிரி, “போயிட்டு வாரேன்!” என்றார். ஒப்பாரி நின்றுவிட்டது. நான் தூணோடு தூணாக ஒட்டிக்கொண்டேன். இறந்தவரின் மனைவி தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தார். அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “வாங்கண்ணே. அடுத்த தடவ நல்லதுக்கு வாங்க.”

நீளம்

இது கொஞ்சம் வேறு மாதிரி. ராமையாவுக்கு பர்மியம் பேச வருமே தவிர எழுத வராது. அதனால் தாயாருக்கும் மனைவிக்கும் சேர்த்துத் தமிழில்தான் கடிதம் எழுதுவார். தபால்காரர் தெருவில் நின்று உரக்கப் படிக்கிறார் என்று பொன்னாத்தா அயித்தை கடிதங்களை என்னிடம் கொண்டுவருவார். நான் படிப்பேன். அயித்தை ஒரு பக்கம், மாச்சோ ஒரு பக்கம் உட்கார்ந்திருப்பார்கள். மாச்சோவுக்கு அப்போது பேச்சு பாதி புரியும். புருஷன் எழுதியதை இன்னொருத்தி வாயால் கேட்க நேர்ந்த பெண் எப்படி உட்கார்ந்திருப்பாளோ அப்படித்தான் அவளும் உட்கார்ந்திருந்தாள். அந்தக் கடிதங்களைத் தானே படிக்கவேண்டும் என்றுதான் வகுப்பில் சேர்ந்தாள்.

நாலாவது கடிதத்தின் நடுவில் என் கண் இரண்டு வரி முன்னால் ஓடிவிட்டது. ‘இருமினால் ரத்தம் வருகிறது. ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்கிறேன். இந்த வருஷம் கப்பல் ஏற வழியில்லை. மாச்சோவிடம் சொல்ல வேண்டாம்.’ நான் குரல் மாறாமல் அதைத் தாண்டி, செல்வியை எந்தப் பள்ளியில் போட்டிருக்கிறது என்று அவர் விசாரித்திருந்த இடத்துக்குப் போய்விட்டேன். பிறகு அயித்தையைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “அவன் சொன்னபடியே இருக்கட்டும்” என்றார். அடுத்து வந்த இரண்டு கடிதங்களிலும் அப்படியே தாண்டினேன். தாண்டிப் படிப்பதில் எனக்கு ஒரு திறமை வந்துவிட்டது என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

ஏழெட்டு மாதம் போயிற்று. மாச்சோ எழுத்துக்கூட்டிப் படிக்கிற அளவுக்கு வந்துவிட்டாள். ரகரமும் அநேகமாகப் பிடிபட்டிருந்தது. படபடப்பு வந்தால் மட்டும் மறுபடி ய ஆகிவிடும். ஒரு மாலை மற்றவர்கள் வருவதற்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்த நீல நிறக் கடிதங்கள் எல்லாம் அடுக்கி இருந்தன. மாமியாரின் பெட்டியிலிருந்து எடுத்து வந்திருக்கிறாள். நாலாவது கடிதத்தைப் பிரித்து என் பக்கம் திருப்பி வைத்தாள். அழவில்லை, கத்தவில்லை. விரலை ஒரு வரியில் வைத்துக்கொண்டு சொன்னாள்: “சயாமா, நீங்க படிச்சதவிட இது நீளமா இயுக்கு.”

திருத்தம்

அதற்குப் பிறகு மூன்று நாள் அவள் வகுப்புக்கு வரவில்லை. நான் போய்ப் பார்க்கவும் துணியவில்லை. நாலாம் நாள் ஒரு காகிதத்தோடு வந்தாள். ராமையாவுக்கு அவளே எழுதிய முதல் கடிதம். பர்மிய எழுத்து எல்லாம் வட்டம் வட்டமாக இருக்கும். அந்தக் கைப்பழக்கத்தில் அவள் எழுதிய ‘ட’வும் ‘ப’வும்கூட மூலை மழுங்கி உருண்டையாக இருந்தன. ‘ணை’க்கும் ‘லை’க்கும் அந்தக் காலத்தில் போடவேண்டியிருந்த தும்பிக்கையைத் தேவையில்லாத எழுத்துக்கும் போட்டிருந்தாள். விஷயம் எட்டு வரி. நோய் தனக்குத் தெரியும் என்றும், மருந்தை விடாமல் சாப்பிடவேண்டும் என்றும், இனிமேல் எதையும் சொல்லவேண்டாம் என்று எழுதவேண்டாம் என்றும் எழுதியிருந்தாள்.

எனக்குப் பழக்கதோஷம். சிவப்பு மையை எடுத்துப் பதினாலு பிழையையும் சுழித்து, பக்கத்திலேயே திருத்தி, அழகாக வேறு தாளில் எழுதியும் கொடுத்தேன். செய்த தப்புக்கு இதாவது பரிகாரமாக இருக்கட்டும் என்ற நினைப்பு. அவள் என் தாளை வாங்கிப் படித்துப் பார்த்தாள். நன்றாக இருக்கிறது என்று தலையாட்டினாள். பிறகு அதை மடித்து என்னிடமே கொடுத்துவிட்டு, சிவப்புச் சுழிகளோடு இருந்த தன் காகிதத்தை உறையில் வைத்து ஒட்டினாள். “திருத்துனா அது உங்க கடுதாசி சயாமா. அவருக்கு என் கடுதாசி போகட்டும்.”

இறங்கிய ஆள்

ராமையா பிழைத்து வந்தார். மறு வருஷம், காலை ரயிலில். ஸ்டேஷனுக்குப் பொன்னாத்தா அயித்தை, மாச்சோ, செல்வி மூவரும் போனார்கள். அயித்தை வற்புறுத்தியதால் நானும் போனேன். இறங்கியவரை அடையாளம் கண்டுபிடிக்கத் தாயாருக்கே ஒரு நிமிஷம் ஆயிற்று. சட்டை மட்டும் வந்து நின்ற மாதிரி இருந்தார். அயித்தை அவரைக் கட்டிக்கொண்டு அழுது தீர்க்கும்வரை மாச்சோ தள்ளியே நின்றாள்.

அப்புறம் அவர் மனைவி பக்கம் திரும்பி பர்மியத்தில் ஏதோ ஆரம்பித்தார். அவள் குறுக்கே, அசல் காரைக்குடிக்காரி மாதிரி, “என்ன இப்பிடி எளச்சுப் போயிட்டீக? ரயில்ல ஏதாச்சும் சாப்பிட்டீகளா, இல்லியா?” என்றாள். மாமியார் எதிரில் பர்மியம் பேசினால் அவருக்குப் புரியாதே என்று அவளுக்கு எண்ணம். அந்த மனிதர் பெட்டியைத் தூக்கிக்கொண்டார். கொஞ்ச நேரம் நடந்த பிறகு என் பக்கம் வந்து சொன்னார்: “கப்பல் பூரா இவகிட்ட என்னென்ன பேசணும்னு பர்மா பாஷையில அடுக்கி வச்சுக்கிட்டு வந்தேன் டீச்சர். எல்லாத்தையும் இனிமே தமிழுக்கு மாத்தணும் போல.”

போதும்

பர்மாக்காரர்களோடு நிற்கவில்லை. இடம் கொடுத்த மெய்யம்மை ஆச்சி ஒருநாள் தன் பங்கைக் கேட்டார். ஈப்போவில் பிறந்து வளர்ந்த பேத்தி வள்ளிக்குக் கொத்தமங்கலத்தில் மாப்பிள்ளை பார்த்தாகிவிட்டது. பெண்ணுக்கு இங்கிலீஷும் மலாயும்தான். கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருந்தது. “மூணு வாரத்துல பேச வச்சுருங்க” என்றார், ஜாக்கெட் தைக்கக் கொடுக்கிற மாதிரி.

வள்ளி கெட்டிக்காரி. கற்றுக்கொள்ளவேண்டியது என்ன என்று அவளே பட்டியல் போட்டு வந்தாள். அதில் முதலாவது, சாப்பிடுகிற இடத்தில் பரிமாறுவதை எப்படி நிறுத்துவது. ‘போதும்’ என்ற சொல்லைச் சொல்லிக் கொடுத்தேன். உச்சரிப்பு முதல் தடவையிலேயே சுத்தமாக வந்தது. கொத்தமங்கலத்தில் மாப்பிள்ளை வீட்டு விருந்துக்குப் போய்விட்டு, மறுநாள் வகுப்பில் சுவரில் சாய்ந்தபடிதான் உட்கார்ந்தாள். அன்று பாடம் நடத்தவில்லை. கடைசியில் ஒரு வாக்கியம் மட்டும் முழுத் தமிழில் சொன்னாள்: “டீச்சர், இந்த ஊர்ல ‘போதும்’னா ‘இன்னும் ரெண்டு வைங்க’னு அர்த்தம், உங்க நோட்டுல மாத்தி எழுதுங்க.”

அத்தை கடை

சுப்பையா அண்ணனுக்கு ரேஷன் கார்டு கிடைத்தது. வேலை கிடைக்கவில்லை. ஆலை ஆலையாக ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடை போட்டார். அத்தோ என்று பர்மாவில் ஒரு பலகாரம். சேமியா மாதிரி நீளமாக, கையால் பிசைந்து கொடுப்பார்கள். எங்கள் ஊரில் யாரும் கேள்விப்பட்டதே இல்லை. பெயர்ப் பலகையை அவரே எழுதினார். திறப்பு நாளில் போய்ப் பார்த்தால், ‘பர்மா அத்தை கடை’ என்று இருந்தது.

எனக்கு வேர்த்துவிட்டது. கொம்பும் காலும் போடவேண்டிய இடத்தில் ஐகாரம் போட்டிருக்கிறீர்கள், ஒரு மணி நேரத்தில் பெயிண்டரைக் கூட்டி வந்து மாற்றிவிடலாம் என்றேன். அவர் தட்டில் பிசைந்துகொண்டே இருந்தார். அதற்குள் இரண்டு பேர் வந்து, அத்தை எங்கே என்று சிரித்துக்கொண்டே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அவர்களுக்குத் தட்டை நீட்டிவிட்டு என்னிடம் சொன்னார்: “திருத்த வேணாம் சயாமா. அத்தோன்னு சரியா எழுதியிருந்தா ஒருத்தனும் ஏன்னு கேக்க மாட்டான். இப்ப அத்தைய தேடிக்கிட்டாவது உள்ள வாரான்.”

ஆடு

எழுபதுகளில் ஒருநாள் மாச்சோ வீட்டுக்குப் போனேன். ராமையா ஒரு மில்லில் எழுத்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். செல்வி பெரிய பெண்ணாகி ஹைஸ்கூலில் படித்தாள்; பள்ளிக்கூடத்தில் பர்மாக்காரி என்று கூப்பிட்டார்கள் என்பதற்காக, தாயார் பர்மியத்தில் ஒரு வார்த்தை சொன்னாலும் காதைப் பொத்திக்கொள்வாளாம். கொல்லையில் யாரோ பர்மியத்தில் விடாமல் பேசுவது கேட்டது. விருந்தாளி வந்திருக்கிறார் போல என்று எட்டிப் பார்த்தேன். மாச்சோ ஒரு வெள்ளாட்டுக்கு அகத்திக்கீரை கொடுத்துக்கொண்டே, “லா, லா” என்று கூப்பிட்டு, என்னவோ நீளமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆடு கேட்டுக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் முந்தானையால் வாயை மூடிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்ன கேட்பது என்று தெரியாமல், “ஆட்டுக்குப் புரியுதா?” என்று கேட்டுவைத்தேன். அவள் ஆட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே சொன்னாள்: “இதுக்குத் தமிழ் தெரியாது சயாமா. நான் சொல்லிக் குடுக்கவே இல்ல.”

பயணச்சீட்டு

வகுப்பு முடிகிற தறுவாயில் வந்தவர் மொரிஷியஸ்காரர். வீராசாமி என்று பெயர். அவர் வாயில் அது ‘விராசமி’ என்று வரும். கரும்புத் தோட்டத்துக்குப் போன பாட்டனாரின் பாட்டனார் ஊர் நாச்சியாபுரம் என்று ஒரு பழைய தாளில் இருக்கிறதாம். நாச்சியாபுரம் என் பிறந்த ஊர் என்பதால், பஸ் ஸ்டாண்டில் விசாரித்தவரை என்னிடம் அனுப்பிவிட்டார்கள். அவருடைய தாயாருக்கும் தமிழ் வராது, பாட்டிக்கும் வராது. நாற்பது வயதில், ஞாயிற்றுக்கிழமைதோறும் கோவிலில் நடந்த வகுப்புக்குப் போய், இலக்கணப் புத்தகத்தை வைத்து ஒவ்வொரு சொல்லாகச் சேர்த்திருக்கிறார். ஒரு பிழை கிடையாது. “தாங்கள் நலமாக இருக்கிறீர்களா, அம்மையாரே?” என்றுதான் என்னிடம் ஆரம்பித்தார். திருத்த ஒன்றும் இல்லாத மாணவரை அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தேன்.

நாச்சியாபுரத்துக்கு நானே அழைத்துக்கொண்டு போனேன். பஸ்ஸில் கண்டக்டரிடம், “இரண்டு பயணச்சீட்டுகள் தாருங்கள், நண்பரே” என்றார். ஓட்டுக் கேட்டு வந்தவர் என்று நினைத்து இரண்டு பேர் எழுந்து இடம் கொடுத்தார்கள். இப்படிப் பேசினால் ஊரில் ஒட்டமாட்டார்கள், ‘வாரீக, போறீக’ என்று பேசுங்கள் என்று போகிற வழியில் சொல்லிக் கொடுத்தேன். அவர் நோட்டில் எழுதிக்கொண்டார், ஆனால் வாயில் வரவில்லை. அதைப் பேசினால் யாரையோ ஏமாற்றுகிற மாதிரி இருக்கிறது என்றார்.

ஊரில் என் பெரியப்பா மகன் களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தார். இன்னும் நாலைந்து பேர் கூடினார்கள். வீராசாமி செருப்பைக் கழற்றிவிட்டு, களத்து மண்ணில் நின்று, அந்தத் தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு பேசினார். தன் முன்னோர் இங்கிருந்து பிழைப்புத் தேடிக் கடல் கடந்து சென்றார், தங்களில் எவரேனும் அவர்தம் குடும்பத்தை அறிவீர்களா என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. அத்தனை தலைமுறைக்கு முன்னால் போனவரை யார் நினைவு வைத்திருப்பார்கள்? அவர் முகம் தொங்கிவிட்டது. பெரியப்பா மகன் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். உட்காரக் கட்டிலைக் காட்டினார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: “போனவருக்கு இம்புட்டுத் தமிழ் தெரிஞ்சிருந்தா, அவரு போயிருக்கவே மாட்டாரு தாயி.”

எட்டு வருஷம் தமிழ் சொல்லிக் கொடுத்ததில் நான் கண்டுகொண்டது, தமிழ் தெரியாமல் வந்தவர்களிடம் சொல்ல விஷயம் இருந்தது, பிழையில்லாமல் எழுதத் தெரிந்த என்னிடம் சிவப்பு மைதான் இருந்தது.